காலுறைகளுக்கு அடியில் ஒரு மல்லாட்டை இலை

1

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். மற்ற வெட்கக்கேடுகளுக்கு அப்புறம் போகலாம். எண்பத்தைந்தாம் வருஷத்தில் பதினோரு வாரம் நான் என் சொந்த நெற்றியின் சூட்டை அளந்து, அதை ஓர் எலியின் ஈரல் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

மேற்கு ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் எனக்கு வேலை. நுண்ணோக்கியில் உயிர்த்திசுவின் மெல்லிய சீவலை வைத்து, அதன் வழியாக அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி, மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்க்கும் கருவியைச் செய்கிறோம். அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. அடுப்புக்கு எதிரே கையை நீட்டினால் தோல் அறிகிறதே, அதுதான். திசுவில் தண்ணீர் எங்கே, கொழுப்பு எங்கே என்று சாயம் போடாமலே அது சொல்லிவிடும். அதைப் பிடிப்பது கடுகில் பாதி அளவுள்ள ஒரு படிகம். அந்தப் படிகத்தைத் திரவ நைட்ரஜன் ஊற்றிக் கொடுங்குளிரில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியே எதையும் கவனிக்காமல் தன் சூட்டிலேயே மூழ்கிக் கிடக்கும், சில எழுத்தாளர்களைப் போல.

இதில் ஒரு தொந்தரவு உண்டு. சூடுள்ள எல்லாமே அகச்சிவப்பை வீசும். சுவர் வீசும், காப்பிக் கோப்பை வீசும், ஆராய்ச்சியாளரும் வீசுவார். ஆகவே துளையிட்ட ஒரு தகட்டுச் சக்கரத்தை விளக்குக்கு முன்னால் சுழலவிட்டு ஒளியை விட்டுவிட்டு அனுப்புவார்கள். விட்டுவிட்டு வருவதை மட்டும் கருவி கணக்கில் எடுத்துக்கொள்ளும். நான் அந்தச் சக்கரத்தை விளக்கின் பக்கம் வைக்காமல் படிகத்தின் பக்கம் வைத்துவிட்டேன். அங்கேதான் இடம் இருந்தது. திருகாணியும் அழகாகப் பொருந்தியது. அதனால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த என் நெற்றியும் விட்டுவிட்டு எரிவதாகக் கருவிக்குத் தோன்றியது.

ஈரல் காலையில் சுறுசுறுப்பாக இருந்தது. பன்னிரண்டரைக்குத் தளர்ந்தது. ஒன்றரைக்குப் புத்துயிர் பெற்றது. ‘மதிய வேளையில் திசு ஓய்வெடுக்கிறது’ என்று குறிப்பேட்டில் எழுதினேன். அந்த ஒரு மணி நேரம் நான் சாப்பிடப் போயிருந்தேன் என்பதை எழுதவில்லை. பேராசிரியர் “சுவாரசியமாக இருக்கிறது” என்றார். அவர் ஊரில் அது பெரிய வார்த்தை.

இதையெல்லாம் இப்போது கிளறக் காரணம், இந்த மாதத்தோடு நான் இங்கே வந்து பன்னிரண்டு வருஷம். வெளிநாட்டவர் அலுவலகத்தில் அனுமதிச் சீட்டைப் புதுப்பித்துக்கொண்டு வந்தேன். அதில் என் தொழில் ‘வெப்பமூட்டி பழுதுபார்ப்பவர்’ என்று இருக்கிறது. முதல் வருஷம் என் ஜெர்மன் மொழியில் என் வேலையை விளக்கினேன். குமாஸ்தாவுக்குப் புரிந்தது அவ்வளவுதான். திருத்த வேண்டுமென்றால் பிறப்புச் சான்றிதழிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டுமாம். செய்தி எப்படியோ மாடி வீட்டு அம்மாளுக்கும் போய், ஒவ்வொரு நவம்பரிலும் தன் வெப்பமூட்டியைப் பார்க்கச் சொல்லி அவர் கதவைத் தட்டுகிறார். இரண்டு முறை சரிசெய்தும் கொடுத்திருக்கிறேன். நான் தொட்டு உடனே வேலை செய்த கருவி அது ஒன்றுதான்.

2

தேசிங்கு திண்டிவனத்துக்காரன். நான் விழுப்புரம். பி.எஸ்ஸி. இயற்பியலில் இருவரும் ஒரே பெஞ்ச். அவன் தங்கை மங்கையை நான் கட்டிக்கொண்டதும் அவன் எனக்கு மச்சான் ஆனான். முறைப்படி இங்கே ‘அவர்’ என்று எழுத வேண்டும். எழுதாமல் இருப்பதற்குக் காரணம் பழைய சிநேகம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

படிப்பில் நாங்கள் இருவரும் சமம் என்று நான் சொல்வது வழக்கம். அவன் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு நான் வெளிநாடு வந்தேன். அவன் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டர் ஆனான். பட்டகம், லென்ஸ், காந்த ஊசி எல்லாவற்றையும் மாணவர்களுக்கு எடுத்துக் கொடுத்து, மணி அடித்ததும் எண்ணித் திரும்ப வாங்கும் வேலை. எங்களுக்குள் இருந்த போட்டி அத்தோடு தீர்ந்தது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

எலி ஈரலின் பெருமையை அவனுக்கு மூன்று பக்கம் எழுதினேன். வான்கடிதத்தில் பதில் வந்தது.

‘மாப்ளைக்கு, இங்கு அனைவரும் நலம். ஈரல் மத்தியானம் தூங்குவதாக எழுதியிருந்தாய். செத்த எலியின் ஈரல் எப்படித் தூங்கும்? நீ சாப்பிடப் போகும்போது வேறு யாரையாவது உன் நாற்காலியில் உட்காரவைத்துப் பார். சக்கரத்தை விளக்குப் பக்கம் மாற்று. அப்புறம் உன் தலை எரியாது. மங்கையின் இருமல் எப்படி இருக்கிறது?’

கீழே ஒரு படமும் போட்டிருந்தான். விளக்கு என்பதற்கு அரிக்கேன் லாந்தரை வரைந்திருந்தான்.

ஆய்வகத்தைக் கூட்ட வந்த அம்மாளை என் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். திசு விழித்துக்கொண்டது. அந்த அம்மாளுக்கு நெற்றி என்னுடையதைவிட அகலம். கோடு வரலாறு காணாத உயரத்துக்குப் போனது. சக்கரத்தை மாற்றினேன். எல்லாம் சரியாகிவிட்டது. தேசிங்கின் படத்தை அப்படியே என் குறிப்பேட்டில் வரைந்துகொண்டு, பிழையை நானே கண்டுபிடித்ததாகப் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் கை குலுக்கினார். தேசிங்குக்கு, ‘நீ சொன்னதும் ஒரு கோணம்தான்’ என்று எழுதினேன்.

3

அடுத்த வருஷம் கோடையில் லீவில் ஊருக்குப் போனபோது திண்டிவனத்தில் மாமியார் வீட்டில் நாலு நாள் இருந்தோம். தேசிங்கு தானும் ஓர் அகச்சிவப்பு நுண்ணோக்கி செய்திருப்பதாகச் சொன்னான். நான் சிரித்தேன். “நைட்ரஜனுக்கு இன்னா பண்ணுவ மச்சான்?” என்று கேட்டேன். எங்கள் ஆய்வகத்தில் அதற்கு மூன்று படிவம் நிரப்ப வேண்டும்.

“நாளைக்குக் காலையில எங்கூட வா” என்றான்.

பஸ்ஸில் ஒரு கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப்போனான். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். கம்பவுண்டருக்கு இன்னும் சர்வீஸ் இருக்கிறது. பசுக்களுக்குச் சினை ஊசி போடுவதற்காக, உறையவைத்த காளை விந்தை அங்கே திரவ நைட்ரஜன் கேனில் வைத்திருப்பார்கள். வாரம் ஒருமுறை வண்டி வந்து புதிதாக நிரப்பும். அன்றைக்குப் பழைய கேனின் அடியில் கொஞ்சம் தங்கியிருக்கும். விட்டால் காற்றோடு போய்விடும். அதற்குத்தான் தேசிங்கு தெர்மாஸ் பிளாஸ்க்கோடு நிற்கிறான்.

“வாங்க சார். காளைங்க சாப்ட்ட மீதி இருக்குது” என்றார் கம்பவுண்டர். “இவரு யாரு?”

“எங்க மாப்ள. ஜெர்மனியில இதே லைன்தான்.”

கம்பவுண்டர் எழுந்து நின்றுவிட்டார். “அங்க காளைங்கெல்லாம் எப்டி சார், நல்ல ஜாதியா?”

“எனக்கு அதப்பத்தித் தெரியாதுங்க.”

“அப்ப இன்னா சார் வேலை பாக்கறீங்க?” என்று உட்கார்ந்துகொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் பிளாஸ்க்கை மடியில் வைத்திருந்தான். இறுக்கி மூடினால் வெடித்துவிடும் என்பதால் மூடி சும்மா மேலே உட்கார்ந்திருந்தது. ஓரமெல்லாம் வெள்ளையாய்ப் புகைந்தது. கண்டக்டர் ரூட்டுக்குப் புதிது.

“யோவ் சார், இன்னாது பொகையுது? பத்திக்கப் போவுது, எறங்கு கீழ.”

“பொகை இல்லபா, குளுரு.”

“குளுரு எங்கனா பொகையுமா? யாருக்கு சார் காது குத்தற?”

கேப்பை மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், “வுடுப்பா, சாரு வாராவாரம் எடுத்துக்கினுதான் போறாரு. மாட்டு மருந்து அது” என்றார்.

“மாடு எங்க?”

“மாட்டுக்கு இல்லபா, எலைக்கு. மல்லாட்டை எலைக்கு” என்றான் தேசிங்கு. நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.

கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் இவனோடு வந்தவன் இல்லை என்பதுபோல ஜன்னல் வழியாக வயல்களைப் பார்த்தேன். “ரெண்டு டிக்கெட்டு, மாப்ளைக்கும் சேத்து” என்று தேசிங்கு காட்டிக்கொடுத்துவிட்டான்.

கல்லூரியின் பின்பக்கம் உடைந்த பெஞ்சுகள் போட்டுவைக்கும் அறையில் அந்தக் கருவி இருந்தது. விளக்கு, ஒரு லாரியின் ஹெட்லைட் பல்பு. சக்கரம், பிஸ்கட் டின்னின் மூடி. அதைச் சுற்றுவது பழைய டேப்ரிக்கார்டர் மோட்டார். ஒளியைப் பிடிக்கும் உணரியை மெட்ராசில் மிலிட்டரி கழிவுச் சாமான் விற்கும் கடையில் தேடி வாங்கியிருந்தான். எங்கள் படிகத்துக்கு அது தூரத்து ஏழை உறவு. இலையை நகர்த்த மோட்டார் கிடையாது. திருகைக் கால் சுற்று திருப்ப வேண்டும், மீட்டரைப் படிக்க வேண்டும், எழுத வேண்டும். நாற்பது வரிசை, வரிசைக்கு நாற்பது கட்டம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் நேரத்துக்கு முடியும். நடுவில் கரண்ட் போனால் அந்த வரிசையை மறுபடி முதலிலிருந்து. பிறகு கிராப் தாளில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு நிறம் என்று ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் கட்டமாக நிரப்புவான்.

அப்படி நிரப்பிய ஒரு தாளை என் கையில் கொடுத்தான். பெருமுக்கல் பக்கத்துக் கொல்லையில் பறித்த மல்லாட்டை இலை அது. பறித்தபோது பச்சைப்பசேல் என்று ஒரு குறையும் இல்லாமல் இருந்ததாம். ஆனால் தாளின் ஒரு மூலையில் கறுப்பு பிடித்து, பழுப்பாகி, மஞ்சளாகிப் பரவியிருந்தது. அதே இலையை ஈரத்திலேயே வைத்திருந்து பார்த்தான். மூன்றாம் நாள் அதே மூலையில் நோய்ப்புள்ளி விழுந்தது. கண்ணுக்குத் தெரியும் முன்பே பூஞ்சணத்தைக் கட்டத்துக்குள் பிடித்துவிட்டான்.

எங்கள் கருவிக்குக் கணிப்பொறி உண்டு. நாலு பேர் சம்பளம் வாங்குகிறோம். எங்கள் படங்கள் அப்போது கொட்டிப்போன கூழ் மாதிரி இருந்தன. அந்த அறையில் நின்றபோது என் வயிறு வீசிய அகச்சிவப்பை எந்தச் சக்கரத்தாலும் வெட்டியிருக்க முடியாது.

“எப்டி மச்சான்?” என்றேன்.

“எப்டின்னா? ஒக்காந்து எண்ணணும். அவ்ளோதான்.” பிறகு கொஞ்சம் தயங்கினான். அவன் தயங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. “மாப்ள, வெளிநாட்டு ஆளுங்களுக்கு உங்க டிபார்ட்மெண்ட்ல ஒரு வருஷத்துக்கு எடம் இருக்குதுன்னு எழுதியிருந்தியே. மார்ச்சுக்குள்ள குடுக்கணும்னு. இத உங்க பெரியவர்கிட்ட காட்டு. உங்க உணரி மட்டும் கெடச்சா எலைக்குள்ள இன்னும் தெளிவா பாத்துடுவேன். இந்த ஓட்டை உணரிய வெச்சிக்கினு இதுக்குமேல போவ முடியாது.”

“கண்டிப்பா குடுக்கறேன்” என்றேன்.

“விழுப்புரத்துல ரயிலு நிக்கும் மாப்ள. வார்த்தை நிக்காது. பாத்துக்க.”

4

தாளைப் பத்திரமாகக் கொண்டுவந்தேன். பத்திரமாகவே அலமாரியில் கம்பளிக் காலுறைகளுக்கு அடியில் வைத்தேன்.

என் யோசனை இப்படி ஓடியது. அவன் வந்தால் முதல் வாரமே எங்கள் கருவியில் மூன்று குறை சொல்வான். மூன்றும் சரியாக இருக்கும். ஆய்வகத்தில் இத்தனை வருஷமாக நான் ஒருவன்தான் இந்தியன். அதனால் இந்தியர்கள் எவ்வளவு புத்திசாலிகள் என்பதற்கு அளவுகோல் நான்தான். இனி இருவரை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். விழுப்புரம் என்ற பெயரைப் பேராசிரியர் வாயில் வரவழைக்கவே நான் நாலு வருஷம் பாடுபட்டேன். திண்டிவனம் அவருக்கு ஒரே நாளில் வந்துவிடும் என்று தோன்றியது.

தேசிங்கு மாதம் ஒரு கடிதம் போட்டான். எல்லாவற்றிலும் கடைசி வரி, ‘குடுத்தியா?’

பேராசிரியர் வெளியூர் போயிருப்பதாக எழுதினேன். பிறகு அவருக்குப் பல்வலி என்று எழுதினேன். அதன்பிறகு நம் எல்லோருக்கும் கைகொடுக்கும் தெய்வத்தைக் கூப்பிட்டேன். சான்றிதழ்கள் வேண்டுமாம் என்று எழுதினேன். பிறப்பு, இருப்பிடம், நன்னடத்தை, எல்லாவற்றிலும் தாசில்தார் கையெழுத்தும் வட்ட முத்திரையும். நுண்ணோக்கி வேலை என்பதால் கண்பார்வைச் சான்றிதழும் வேண்டும் என்று நானே சேர்த்தேன்.

பாஸ்போர்ட்டுக்காக ஓர் இருப்பிடச் சான்றிதழ் வாங்க நான் தாலுகா ஆபீசுக்குப் பதினோரு மாதம் நடந்தவன். அவனுக்கு மூன்றே வாரத்தில் எல்லாம் கிடைத்துவிட்டன. தாசில்தாரின் மகன் அவனிடம் படித்தானாம். கண்பார்வைச் சான்றிதழும் வந்தது. இரண்டு கண்ணும் பழுதில்லையாம். அதற்கும் எனக்கு எரிந்தது. நான் அந்த வருஷம்தான் கண்ணாடி போட்டிருந்தேன்.

5

என் மகள் கயலுக்கு அப்போது பதினொரு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். அவரவர் நாட்டில் நின்றுகொண்டு பேசிக்கொள்வோம்.

அவள் பள்ளியில் தையல் வகுப்பு உண்டு. கட்டம் போட்ட தாளில் வண்ணம் குறித்துவைத்து, அதைப் பார்த்துத் துணியில் பெருக்கல் குறி பெருக்கல் குறியாகத் தைக்க வேண்டும். மற்ற பிள்ளைகள் பூனையும் காற்றாலையும் வரைந்துகொண்டு போனார்கள். இவள் குளிருக்கு என் காலுறையைத் தேடப்போனாள்.

ஜனவரியில் ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், கூடத்து நாற்காலியில் புதிதாக ஒரு மெத்தையுறை. நாற்பதுக்கு நாற்பது. ஆறு நிறம். மூலையில் கறுத்து, பழுப்பாகி, மஞ்சளாகிப் பரவும் மல்லாட்டை நோய். வகுப்பில் அதற்குத்தான் முதல் பரிசாம். தேசிங்குக்கு ஜெர்மனியில் கிடைத்த முதல் அங்கீகாரம் அது.

மங்கை கையில் தாளோடு நின்றிருந்தாள்.

“பின்னாடி அண்ணன் கையெழுத்து இருக்குது. உங்க புரொபசர் பேரு போட்டு, தேதி போட்டிருக்குது. எட்டு மாசம் ஆவுது.”

“மறந்துட்டேன் மங்க.”

“தெனம் சாக்ஸ் எடுக்கறீங்களே, அப்பகூடவா?”

நான் மெத்தையுறையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

“அண்ணன் ஞாயித்துக்கிழம எல்லாம் ஒக்காந்து எண்ணி எண்ணிக் குடுத்தனுப்பியிருக்குது. போஸ்ட்மேன் பெல் அடிச்சா எழுந்து வாசலுக்கு ஓடுதாம், எங்கம்மா எழுதியிருக்காங்க. நீங்க அதுமேல சாக்ஸ மடிச்சி அடுக்கிக்கினு இருக்கீங்க. உங்களுக்கு இன்னாங்க கொறை?”

“கொறை ஒண்ணும் இல்ல. எரிச்சல்.”

கயல் தலையை உயர்த்தி, எரிச்சல் என்றால் என்ன என்று ஜெர்மனில் கேட்டாள்.

“உங்க அப்பாவ நல்லா பாத்துக்க. அதான்” என்றாள் மங்கை. என் பக்கம் திரும்பி, “நாளைக்கு நீங்க குடுக்கறீங்களா, நான் பஸ் ஏறிப் போய்க் குடுக்கட்டுமா?” என்றாள். அவள் அதுவரை பல்கலைக்கழகத்துக்குத் தனியாகப் போனதில்லை. ஆனால் அந்தக் குரல் போய்ச் சேர்ந்திருக்கும்.

6

மறுநாள் காலை பேராசிரியர் அறையில் தாளையும் சான்றிதழ்களையும் மேசைமேல் வைத்தேன். கண்பார்வை உட்பட. “இதை எட்டு மாதமாக மறைத்து வைத்திருந்தேன்” என்றேன். ஜெர்மன் மொழியிலும் இந்த மாதிரி வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். அந்தக் கடைசிச் சொல்லுக்குப் போய்ச் சேர எனக்கு வெகுநேரம் பிடித்தது.

அவர் தாளைப் பார்த்துவிட்டு மேசை இழுப்பறையைத் திறந்தார். அச்சு அசலாக அதே படம், அதே நிறங்கள், இன்னொரு பிரதி. கூடவே திண்டிவனம் தபால் முத்திரையோடு ஒரு பதிவுத் தபால் உறை. நான் ஊரிலிருந்து கிளம்பிய அதே வாரத்தில் அனுப்பியிருந்தான். ஆயிரத்து அறுநூறு கட்டத்தை இரண்டாம் முறையும் நிரப்பியிருக்கிறான், எனக்கென்று ஒன்று, நம்பிக்கைக்கு ஒன்று.

“போன வாரம்தான் அவருக்கு இடம் உறுதியானது” என்றார் பேராசிரியர். “உங்களிடம் நான் பேச்சே எடுக்கவில்லை. உறவினர் என்று எழுதியிருந்தார். உறவினருக்குச் சிபாரிசு செய்யக் கூடாது என்று நீங்கள் இத்தனை மாதம் வாய் திறக்காமல் இருந்ததை நான் மிகவும் மதித்தேன்.”

அப்படியே விட்டிருக்கலாம். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மிக உயர்ந்த நற்சான்றிதழ் அதுதான், முத்திரை இல்லாவிட்டாலும். ஆனால் வீட்டில் மங்கை இருந்தாள். அது நேர்மை இல்லை, பொறாமை என்றேன். சொன்ன வேகத்தில் சக்கரத்தை மாற்றச் சொன்னதும் அவன்தான் என்றும் சொல்லிவிட்டேன்.

“அது தெரியும்” என்றார். “உங்கள் குறிப்பேட்டுப் படத்தில் ஒரு மண்ணெண்ணெய் லாந்தர் இருந்தது. நம் ஆய்வகத்தில் அப்படி ஒன்று இல்லை.”

7

தேசிங்கு அந்த அக்டோபரில் வந்து சேர்ந்தான். முதல் வாரமே எங்கள் கருவியில் நாலு குறை சொன்னான். நான் மூன்றுதான் எதிர்பார்த்திருந்தேன். வெளிநாட்டவர் அலுவலகத்தில் என் குமாஸ்தாவேதான் அவனுக்கும். அவனுக்கு ஒரு சொல் ஜெர்மன் வராது. ஓர் இலையை வரைந்து காட்டினான். ‘விஞ்ஞானி’ என்று போட்டுக்கொடுத்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அவனிடமும் சொன்னேன். தாளை நான்தான் வேண்டுமென்றே கொடுக்கவில்லை, பொறாமையில்தான் மறைத்தேன் என்றேன்.

“தெரியும் மாப்ள. அதான தபால்லயும் போட்டேன்.”

“அப்ப எதுக்கு மாசாமாசம் ‘குடுத்தியா’ன்னு எழுதின?”

“நீ அடுத்து இன்னா கதை எழுதறன்னு பாக்கத்தான். பல்வலி நல்லா இருந்துது. மங்க, கொஞ்சம் ரசம் ஊத்து.”

சாப்பிட்டுவிட்டு கயலோடு ஆற்றங்கரைப் பக்கம் நடக்கப் போனான். அவள் அவனோடு தமிழில் பேசிக்கொண்டு போனாள். என்னோடு தமிழில் ஒரு வார்த்தை பேசாதவள். ஜன்னலில் நின்று அதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மங்கை தட்டுகளை எடுத்துக்கொண்டே சொன்னாள்: “நீங்க இன்னாத்துக்கு இப்டி வெந்து சாவறீங்கன்னே புரியலங்க. எங்க அண்ணன் உங்களப் பாத்து ஒருநாளும் பொறாமப்பட்டதில்ல. நீங்க ஜெர்மனிக்குக் கெளம்பறன்னிக்குக்கூட எங்கம்மாகிட்ட, ‘பாவம், நல்ல பையன், உள்ளூர்ல ஒரு வேலை கெடைக்கல’ன்னுதான் சொல்லுச்சி.”